வாழ்த்துகள் என்று தொடங்கும் மின்னஞ்சல்கள்

சப்ராஸ் சேர், நீங்கள் தந்த விளக்கப் படிவத்தில் 'காரணம்' என்ற தலைப்புக்குக் கீழே பத்துக் கோடுகள்தான் இருக்கின்றன. என் கையெழுத்து கொஞ்சம் பெரியது. ஆகவே பின்பக்கத்திலும், அதற்கு மேல் அலுவலகத் தாளிலும் எழுதுகிறேன். தாளை வீணாக்கினேன் என்று கொழும்புத் தலைமை அலுவலகத்தில் யாரும் குறை சொல்லமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. கிருஷாந்தி என்ற பெண்ணைத் தாதியர் பயிற்சிக்கு அழைத்து, கண்டியில் ஒரு தனியார் வைத்தியசாலை மூன்று வருடமாக அனுப்பிய மின்னஞ்சல்கள் ஏன் அவள் கைக்குப் போகவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். பதில் சின்னதுதான். ஆனால் சின்னதாகச் சொன்னால் என்னைத் தப்பாக நினைப்பீர்கள். முதலில் இருந்து சொல்கிறேன்.

ஸ்ட்ராத்வேல் தோட்டத்தில் நான் இரண்டாம் கிளாக்கர். தப்பால் என் பொறுப்பு. தொழிலாளர் குடியிருக்கிற லயத்து வீடுகளுக்குத் தனி விலாசம் கிடையாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். நானூற்றுப் பன்னிரண்டு குடும்பத்துக்கும் ஒரே விலாசம், தோட்டத்து ஆபீஸ். கொட்டகலையிலிருந்து தப்பால் பை வரும், நான் பிரிப்பேன், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டுக் கொடுப்பேன். யாருக்கு எங்கிருந்து கடுதாசி வருகிறது என்பது அவர்களுக்குத் தெரியும் முன்பு எனக்குத் தெரிந்துவிடும். இது என் குற்றமல்ல, வேலையே அப்படித்தான்.

பிறகு விண்ணப்பப் படிவங்களில் மின்னஞ்சல் என்று ஒரு கட்டம் முளைத்தது. எங்கள் சனம் அந்தக் கட்டத்திலும் தோட்டத்து ஆபீசின் மின்னஞ்சலையே எழுதியது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. விலாசம் என்றால் ஆபீஸ் என்று நாலு தலைமுறையாகப் பழகிய கை. ஆளுக்கொரு போன் வைத்திருக்கிறார்கள், அதில் படம் பார்க்கிறார்கள், பாட்டுக் கேட்கிறார்கள். ஆனால் முக்கியமான கடுதாசி என்றால் அது ஆபீசுக்குத்தான் வரவேண்டும். லயத்தில் சிக்னல் ஒழுங்காக இல்லாததால், தொலைபேசி எண் கேட்ட இடத்திலும் என் மேசைமேல் இருக்கிற போனின் எண்ணையே எழுதினார்கள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

2021இல் கம்பனி மின்னஞ்சலுக்கு வடிகட்டி போட்டது. ஹட்டனில் ஒருநாள் பயிற்சி கொடுத்தார்கள், மதியச் சாப்பாட்டுக்குக் கோழிக்கறி. அந்த இயந்திரம் ஆங்கிலம் நன்றாகப் படிக்கும். தமிழையும் சிங்களத்தையும் கண்டால் மிரண்டுபோய் எல்லாவற்றையும் பிடித்துவைத்துக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு தோட்டத்திலும் ஓர் ஆள் உட்கார்ந்து, பிடிபட்டதைப் பார்த்து, நல்லதை விடுவிக்க வேண்டும். 'விடுவி' என்று ஒரு பச்சைப் பொத்தான் உண்டு. எங்கள் தோட்டத்துக்கு அந்த ஆள் நான்.

இயந்திரம் நம்பாத இன்னொன்றும் இருந்தது. வாழ்த்துகள் என்று தொடங்குகிற எந்த மின்னஞ்சலையும் அது நம்பாது. நீங்கள் தெரிவாகியிருக்கிறீர்கள், உங்களுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது, இந்தத் திகதிக்குள் பதில் தாருங்கள் என்றெல்லாம் எழுதுகிறவன் திருடன் என்று அதற்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். கொழும்பில் அது சரியாக இருக்கலாம். எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நல்ல செய்தி வந்தாலும் அதே வார்த்தைகளில்தான் வரும். ஆகவே நல்ல செய்தி எல்லாம் முதலில் என்னிடம் வந்து பச்சைப் பொத்தானுக்காகக் காத்துக்கிடக்கும்.

நான் எதையும் தடுக்கவில்லை என்பதை இங்கேயே பதிவு செய்துகொள்கிறேன். தடுத்தது இயந்திரம்.

ஆரம்பத்தில் சின்ன விளையாட்டுகள் விளையாடினேன், அதையும் சொல்லிவிடுகிறேன். தோட்டத்தை நடத்துகிற எங்கள் துரைக்கு முன்மண்டையில் முடி இல்லை. என்மேல் அவர் எரிந்துவிழுந்த மறுநாள், முடி வளரும் எண்ணெய் விளம்பரங்கள் இரண்டை அவருக்கு விடுவிப்பேன். ரொம்பத் திட்டினால் ஐந்து. கம்பனிக்காரர்களே தன் தலையைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார். ஒரு மாதம் கூட்டத்துக்குத் தொப்பி போட்டுக்கொண்டு போனார். அந்த மாதம் என்னிடம் மரியாதையாகப் பேசினார்.

பிறகுதான் கிஷாந்தின் விஷயம் வந்தது. ஐந்தாம் லயத்து நாகலெட்சுமியின் மகன். அவனுக்குக் கப்பலில் வேலை என்று ஒரு மின்னஞ்சல். கடவுச்சீட்டை முன்கூட்டியே அனுப்பச் சொல்லியிருந்தார்கள். எனக்கு என்னவோ போல இருந்தது, விடுவிக்காமல் வைத்தேன். இரண்டு மாதம் கழித்து, பக்கத்துத் தோட்டத்தில் அதே மின்னஞ்சலை நம்பிப்போன மூன்று பையன்கள் ஏதோ ஒரு நாட்டுத் துறைமுகத்தில் சாப்பாடு இல்லாமல் கிடக்கிறார்கள் என்று தெரியவந்தது. நான் வைத்துக்கொண்டதைச் சொன்னதும் நாகலெட்சுமி ஆபீசுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நீங்க எங்க கொலசாமி மாதிரிங்கய்யா," என்றார். அந்த வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் என் பெயர் சொல்லித் தேங்காய் உடைத்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. மிகவும் பிடித்திருந்தது. அதுவரை என் பெயரில் யாரும் எதையும் உடைத்ததில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மின்னஞ்சலையும் பார்த்து இரண்டு கேள்வி கேட்டுக்கொண்டேன். இது திருட்டா? திருட்டு இல்லையென்றால், இது இந்தப் பிள்ளைக்கு நல்லதா? இரண்டாவது கேள்வியைக் கேட்கும்படி பயிற்சியில் சொல்லவில்லைதான். ஆனால் அவர்கள் தந்த புத்தகத்தில் 'வேண்டாத மின்னஞ்சல்' என்று எழுதியிருந்தது. யாருக்கு வேண்டாதது என்று எழுதியிருக்கவில்லை. அதை என் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை என்று ஒரு பிள்ளைக்கு வந்தது. நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்கவேண்டும், கால் வீங்கும். வைத்துக்கொண்டேன். பெந்தோட்டையில் ஹோட்டல் வேலை என்று ஒரு பையனுக்கு வந்தது. அவன் கடலைப் பார்த்தவனே இல்லை, அலை அடித்துப்போனால் யார் பதில் சொல்வது? அதையும் வைத்துக்கொண்டேன். நுவரெலியாவில் கணினி வகுப்பு. இங்கேயே குளிர், அங்கே இதைவிடக் குளிர். கொழுந்து நிறுக்கும்போது முத்தல் இலையைப் பொறுக்கிப் போடுவதைப் போலத்தான் செய்தேன், இதில் யார் மேலும் எனக்குப் பகை இல்லை. எல்லாவற்றையும் வைத்துக்கொண்டேன் என்றும் நினைக்கவேண்டாம். பரீட்சைத் திகதி, கிளினிக் அறிவிப்பு, கல்யாண அழைப்பு எல்லாம் அன்றன்றைக்கே போகும். பிறந்தநாள் வாழ்த்து ஒன்றைக் கலரில் அச்சடித்துக்கூடக் கொடுத்திருக்கிறேன்.

அந்த வருடம் கம்பனியின் பதினாறு தோட்டங்களில் இளம் ஆட்கள் மிகக் குறைவாக வெளியேறியது எங்கள் தோட்டத்தில்தான். துரைக்கு ஒரு கேடயம் கிடைத்தது. தான் போட்டுக்கொடுத்த வொலிபோல் மைதானத்தால்தான் பிள்ளைகள் இங்கேயே தங்கிவிட்டார்கள் என்று மேடையில் பேசினார். நான் கீழேயிருந்து கைதட்டினேன். அந்த மைதானத்தில் ஏழு மாதமாக மாடு மேய்ந்துகொண்டிருந்தது.

இனி கிருஷாந்தி.

அவள் அப்பா வீரய்யா, தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர். 2023 தொடக்கத்தில் ஒருநாள் இருவரும் ஆபீசுக்கு வந்தார்கள். அவள் உயர்தரம் எழுதி நல்லபடியாகச் சித்தியடைந்திருந்தாள், தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பம் போடவேண்டும். இரண்டு வருடப் பயிற்சி, தங்குமிடமும் சாப்பாடும் அவர்களே தருவார்கள், முடிந்தவுடன் அங்கேயே வேலை. படிவத்தை நான்தான் நிரப்பிக்கொடுத்தேன். மின்னஞ்சல் கட்டத்துக்கு வந்ததும், தனக்கென்று ஒன்று திறந்துகொள்ளலாமா என்று அவள் கேட்டாள். கொட்டகலை பசாரில் ஹமீத் நானாவின் கொமினிகேஷன் கடையில் காசு வாங்காமலேயே திறந்து தருவாராம்.

வீரய்யாதான் மறித்தார். "எதுக்கு புள்ள அதெல்லாம்? ஆபீஸ் விலாசத்தயே போடுங்கய்யா. வேற எங்க வரப்போவுது."

நானும் அதையே போட்டேன். அந்தப் படிவத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எழுத்து மணிமணியாக இருக்கும்.

அதன் பிறகு அவள் தினமும் நாலு மணிக்கு வந்து என் மேசைக்கு முன்னால் நிற்பாள். "எனக்கு எதுவும் வந்துச்சாங்கய்யா?" என்பாள். இல்லையம்மா என்பேன். பதினொரு நாள் அது உண்மை. அந்தப் பதினொரு நாளில் எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. மூன்றரைக்கே முகம் கழுவித் தலை சீவி உட்கார்ந்துவிடுவேன். எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது, கோட்டர்ஸில் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறவன். ஒருநாளில் ஒரு நிமிடம் ஒருத்தி என் முகத்தைப் பார்த்து, என் வாயிலிருந்து என்ன வரும் என்று காத்துக்கொண்டு நிற்கிறாள். இப்படி ஒரு நிமிடம் உங்களுக்கு வாய்த்திருக்கிறதா, சேர்? எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. அதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பன்னிரண்டாம் நாள் காலை மின்னஞ்சல் வந்தது. வாழ்த்துகள் என்று தொடங்கியது. இயந்திரம் பிடித்துவைத்தது. நான் செய்யவேண்டியது பச்சைப் பொத்தானை அழுத்துவது ஒன்றுதான்.

அன்று நாலு மணிக்கு அவள் வந்தாள், கேட்டாள். இன்னும் இல்லையம்மா என்றேன். நாளைக்குக் கொடுத்துக்கொள்ளலாம் என்றுதான் அப்போது நினைத்தேன். நாளைக்கு அவள் வரவேண்டுமே. கொடுத்துவிட்டால் எதற்கு வருவாள்?

அந்த மின்னஞ்சலில் குறித்திருந்த நேர்முகப் பரீட்சையின் திகதி கடந்து ஆறு நாளைக்குப் பிறகும் வந்தாள். அதற்கு மேல் அவளை அலையவைப்பது பாவம் என்று பட்டது. அங்கே எல்லாம் ஆள் பிடித்தால்தான் இடம் கிடைக்கும், தோட்டத்துப் பிள்ளைகளை எடுக்கமாட்டார்கள் என்று பக்குவமாகச் சொன்னேன். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, "பரவாயில்லீங்கய்யா. தகுதி பத்தாட்டி எப்படி எடுப்பாங்க," என்றாள். தன்மேல் பழியைப் போட்டுக்கொள்ளும் பிள்ளை. இப்படிப்பட்ட பிள்ளையைக் கண்டிக்கு அனுப்பினால் ஏமாற்றிவிடமாட்டார்களா என்று எனக்குக் கவலையாக இருந்தது.

அவளைச் சும்மா விட்டுவிடவில்லை. ஆபீசில் ஒரு உதவியாளர் இடம் காலியாக இருந்தது. துரையிடம் நானே பேசினேன். அந்த வாரம் அவருக்கு ஒரு விளம்பரமும் விடாமல் பார்த்துக்கொண்டேன், உடனே ஒத்துக்கொண்டார். கிருஷாந்தி என் எதிர் மேசைக்கு வந்தாள். கம்பனி மின்னஞ்சல் ஒன்றும் அவளுக்குக் கிடைத்தது. கடவுச்சொல்லை நான்தான் போட்டுக்கொடுத்தேன். ஹமீத் நானாவிடம் திறக்கிற மின்னஞ்சல் எல்லாம் களவு போகும் என்று சொல்லிவைத்தேன். நானாவைப் பற்றி அப்படிச் சொன்னதற்கு வருத்தப்படுகிறேன், அவர் நல்ல மனிதர்.

2024இல் அந்தக் கம்பனி மின்னஞ்சலைக் கொடுத்து அவள் மறுபடி விண்ணப்பம் போட்டாள். மறுபடி வாழ்த்துகள் என்று வந்தது. இந்த முறை நாளைக்குக் கொடுக்கலாம் என்றுகூட நான் சொல்லிக்கொள்ளவில்லை. அந்த மாதம் முழுக்க எதிர் மேசையில் அவள் கடிதம் தட்டச்சுச் செய்துகொண்டே இடையிடையே நிமிர்ந்து என்னைப் பார்ப்பாள், நான் தலையை மெதுவாக ஆட்டுவேன். வாய்விட்டுக் கேட்கவேண்டியதே இல்லாமல் போயிற்று. கணவன் மனைவிக்குள் வரவேண்டிய புரிதல் எங்களுக்குக் கல்யாணத்துக்கு முன்பே வந்துவிட்டது.

ஆம் சேர், அவள் என் மனைவி. வெள்ளிக்கிழமை நீங்கள் வந்தபோது இஞ்சி போட்டுத் தேநீர் கொண்டுவந்து தந்ததும் அவள்தான். நன்றாக இருக்கிறது என்று சொன்னீர்கள். பெயர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

2024 ஆவணியில் மாரியம்மன் கோயிலில் கல்யாணம். இரண்டாவது முறையும் இல்லை என்று ஆனபிறகு அவள் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு மெலிந்துபோயிருந்தாள். நான் பெண் கேட்டு ஆள் அனுப்பியதும் வீரய்யா அழுதுவிட்டார். "நீங்க இல்லாட்டி எம்புள்ள அன்னைக்கே ஒடிஞ்சு போயிருக்குங்க மாப்ள," என்று தாலி கட்டிய அன்று என்னிடம் சொன்னார். அதை அவர் இன்றைக்கும் மறுக்கமாட்டார் என்று நினைத்திருந்தேன்.

இந்த வருடம் அவள் விண்ணப்பம் போடப்போவதாகச் சொன்னபோது நான் தடுக்கவில்லை. போடு, கடைசியாக ஒரு தரம் போட்டுப் பார் என்று நானே பேனா எடுத்துக்கொடுத்தேன். கடைசியாக என்று சொன்னது காரணத்தோடுதான். இருபத்தைந்து வயதுக்கு மேல் அங்கே எடுப்பதில்லை, வருகிற ஜூனில் அவளுக்கு இருபத்தைந்து முடிகிறது. அதன்பிறகு இந்தத் தொல்லை எங்கள் இருவருக்கும் இருக்காது. நிம்மதியாகப் பிள்ளை குட்டி பெற்றுக்கொண்டு இருக்கலாம்.

மார்ச் பதினேழாம் திகதி மூன்றாவது அழைப்பு வந்தது. இது வழக்கமான வாழ்த்துகள் இல்லை. அங்கே பயிற்சிக்குப் பொறுப்பாக ஹலீமா என்று ஒரு அம்மா இருக்கிறார், அவர் தமிழில் எழுதியிருந்தார். மகள், உன்னை இரண்டு தரம் தெரிவு செய்தோம், பதிலே இல்லை. உன் மதிப்பெண்ணைப் பார்த்து இந்தத் தரம் நேர்முகப் பரீட்சை இல்லாமலே இடம் வைத்திருக்கிறேன். வீட்டில் ஏதாவது கஷ்டமா? இருபத்தெட்டாம் திகதிக்குள் ஆவணங்களோடு நேரில் வந்தால் போதும். இப்படி எழுதியிருந்தார். முன்பின் தெரியாத பிள்ளைக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறவர்களை நான் பார்த்ததில்லை.

பேசாமல் வைத்திருந்தால் அந்த அம்மா மறுபடி எழுதுவார், அல்லது போன் பண்ணுவார் என்று பட்டது. ஆகவே மறுநாள் கிருஷாந்தியின் மின்னஞ்சலில் நுழைந்து அவள் பெயரில் பதில் எழுதினேன். எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, சந்தோஷமாக இருக்கிறேன், இனிமேல் எழுதவேண்டாம், உங்கள் அன்புக்கு நன்றி. நாலே வரி. அதை அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போனபோது அவள் எனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். மனது லேசாக இருந்தது, இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

வியாழக்கிழமை அந்த அம்மாவின் பதில் வந்தது. அதிலும் வாழ்த்துகள் என்றுதான் ஆரம்பித்திருந்தார், கல்யாணத்துக்கு. பிறகு, கல்யாணம் ஒரு தடை இல்லை மகள், இங்கே கல்யாணமான பிள்ளைகள் ஆறு பேர் படிக்கிறார்கள், இருபத்தெட்டாம் திகதி வரை இடம் உனக்குத்தான் என்று எழுதியிருந்தார். நான் அதைப் பதினான்கு தரம் திறந்து பார்த்ததாக உங்கள் பதிவேட்டில் இருக்கிறதாம். ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் குரல் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சிலருக்கு விட்டுக்கொடுக்கவே தெரியாது.

மறுநாள் வெள்ளிக்கிழமை நீங்கள் வந்தீர்கள். பழைய வடிகட்டியை எடுத்துவிட்டுப் புதியது போட்டீர்கள். திங்கட்கிழமையிலிருந்து தினமும் காலை எட்டு மணிக்கு, ஒவ்வொருவருக்கும் வராமல் தடுக்கப்பட்ட மின்னஞ்சல்களின் பட்டியலை, பழையதையும் சேர்த்து, இயந்திரமே அவரவருக்கு அனுப்பிவைக்கும், வேண்டியதை அவர்களே விடுவித்துக்கொள்ளலாம் என்றீர்கள். எங்கள் தோட்டத்துக்கு மட்டும் அதை நிறுத்திவைக்க முடியுமா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே எல்லாருக்கும் ஒரே சட்டம்தான் என்றீர்கள். அது நியாயமான சட்டமா என்று நீங்கள் யோசித்துப் பார்க்கவேண்டும். ஒரு ஆள் பொறுப்பாக உட்கார்ந்து நல்லது கெட்டது பார்த்துச் செய்த வேலையை, நல்லது கெட்டது தெரியாத இயந்திரத்திடம் கொடுத்துவிட்டீர்கள்.

சனியும் ஞாயிறும் எனக்கு இருந்தன. நான் வைத்துக்கொண்ட அறுநூற்றுப் பதினொரு மின்னஞ்சலையும் அழித்திருக்கலாம். அழிக்கவில்லை. நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. நீங்கள் வெள்ளிக்கிழமையே எல்லாவற்றுக்கும் பிரதி எடுத்துவிட்டீர்கள் என்பது வேறு விஷயம்.

திங்கட்கிழமை எட்டு மணிக்குப் பட்டியல் வந்தது. கிருஷாந்தி எதிர் மேசையில் இருந்தாள். நான் தேயிலை அனுப்பும் பத்திரம் ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தேன். அவள் திறந்து படிப்பது தெரிந்தது, மேலே போவதும் கீழே வருவதும் தெரிந்தது. பிறகு எழுந்துவந்து என் மேசைக்கு முன்னால் நின்றாள்.

"மூணு வருஷமா உங்ககிட்டதானே கேட்டுக்கிட்டு இருந்தேன்," என்றாள்.

சத்தம் போடவில்லை. அவள் சத்தம் போடுகிறவள் இல்லை. உன் நல்லதுக்குத்தான் செய்தேன் என்றேன். கண்டி வெக்கை உனக்கு ஒத்துக்கொள்ளாது என்றும் சொன்னேன்.

"வேணாம்னு எம் பேர்ல எழுதுனதும் நீங்கதானா?"

"ஆமா. ஒரு பிழை இல்லாமத்தான் எழுதியிருக்கேன்."

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். அழுவாள் என்று தண்ணீர்ப் போத்தலைத் தள்ளிவைத்தேன். எடுக்கவில்லை. இந்தத் தோட்டத்தில் வசிப்பவள் என்று ஆபீசிலிருந்து ஒரு கடிதம் வேண்டும், ஆவணங்களோடு சேர்த்துக் கொடுக்கவேண்டும், அடித்துத் தாருங்கள் என்றாள். அது என் வேலை, மாட்டேன் என்று சொல்ல முடியாது. அடித்துக்கொடுத்தேன். முத்திரை கோணாமல் விழுந்தது. நின்றபடியே இரண்டு தரம் வாசித்துப் பார்த்தாள். என் கையிலிருந்து வாங்கிய ஒரு தாளை அவள் சரிபார்த்தது அதுதான் முதல் தரம், எனக்கு மனது வலித்தது. துரையிடம் தானே போய்க் கையெழுத்து வாங்கினாள். அறுநூற்றுப் பதினொரு மின்னஞ்சல் விஷயமும் அப்போதுதான் துரைக்குத் தெரிந்தது. கேடயத்தைத் திருப்பிக் கேட்பார்களா என்றுதான் அவர் முதலில் என்னிடம் கேட்டார்.

பதினொரு மணிக்கு அவள் பையோடு வெளியே வந்தபோது, மலையிலிருந்து இறங்கி வந்த வீரய்யா ஆபீஸ் வாசலில் நின்றார். கையில் கவ்வாத்துக் கத்தி. அதைப் பார்த்து நான் அலுமாரிக்குப் பின்னால் போனேன் என்று பியோன் சொன்னால் நம்பவேண்டாம், ஒரு பைல் எடுக்கப் போனேன். அவர் கத்தியை வாசல் சுவரில் சாய்த்துவைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். மாப்பிள்ளை என்று கூப்பிடவில்லை.

"இனிமே எம்புள்ளைக்கு வர்ற கடுதாசி ஆபீசுக்கு வராதுங்கய்யா," என்றார். அவ்வளவுதான். மகளின் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். கொட்டகலையில் ஹட்டன் பஸ் ஏறி, அங்கிருந்து கண்டி பஸ்ஸில் போயிருக்கிறார்கள். இருபத்தெட்டுக்கு இன்னும் நாலு நாள் இருந்தது, நேரத்தோடு போய்ச் சேர்ந்திருப்பாள். ஹமீத் நானாவின் கடைக்குள் ஏறி இறங்கிப் போனார்கள் என்றும் கேள்விப்பட்டேன். அங்கே என்ன வேலை என்று தெரியவில்லை.

ஆபீஸ் விலாசத்துக்கு வந்த பட்டியலை அச்சடித்து வாசலில் ஒட்டியிருக்கிறார்கள், நேற்றிலிருந்து அங்கே கூட்டம். நாகலெட்சுமி வந்திருந்தார். கிஷாந்துக்கு வந்த கப்பல் வேலையைத் தவிர, அதற்குப் பிறகு வேறு இரண்டு வேலைகளும் வந்திருந்தன என்று பட்டியலில் பார்த்திருக்கிறார். அவை இரண்டும் நல்ல வேலைகள்தான், ஒத்துக்கொள்கிறேன். வெகுநேரம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்துவிட்டுப் போனார்.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில்: ஆம், நான்தான். கிருஷாந்திக்கு வந்த மூன்று அழைப்புகளையும் தெரிந்தே, படித்துப் பார்த்தே வைத்துக்கொண்டேன். அவள் பெயரில் மறுப்பு எழுதியதும் நான்தான். மற்ற அறுநூற்றுச் சொச்சமும் அப்படியே. இதில் வேறு யாருக்கும் பங்கில்லை. தண்டனை எதுவானாலும் ஏற்றுக்கொள்கிறேன். வேலையை விட்டு நிறுத்தினாலும் கோட்டர்ஸை உடனே காலி பண்ணச் சொல்லவேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், அவள் திரும்பி வரும்போது வீடு பூட்டியிருக்கக் கூடாது.

கடைசியாக ஒரு தொழில்நுட்பக் குறைபாட்டையும் உங்கள் கவனத்துக்குக் கொண்டுவரவேண்டும். என் மனைவி போய் இன்றோடு மூன்று நாள். எழுதாமல் இருக்கிறவள் இல்லை, கோபமாக இருந்தால் கோபத்தையாவது எழுதியிருப்பாள். நான் மணிக்கொரு தரம் பார்க்கிறேன், அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை. உங்கள் புதிய இயந்திரம்தான் எங்கேயோ பிடித்துவைத்திருக்கிறது. தயவுசெய்து தேடிப் பார்த்து, எனக்கு விடுவித்துத் தரவும்.

இப்படிக்கு,
துஷாந்த்
இரண்டாம் கிளாக்கர், ஸ்ட்ராத்வேல் தோட்டம்
26.03.2025